நாலாவது சிலிண்டர் ஏன் செத்தது? சுங்கை சிப்புட்டில் ஒரு மோரிஸ் மைனர் ஓவர்ஹால்

வண்டி 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 'ஏ' எழுத்தில் தொடங்கும், மலேசியாவின் பேராக் மாநில எண் தகடு. இன்ஜின் 1098 சிசி, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த ஏ-சீரிஸ். பிளாக்கில் ஆணியடித்த தகட்டில் எண் 10எம்ஏ என்று தொடங்குகிறது. என் மனைவியின் தம்பிக்குத் தாத்தா வழியில் வந்த வண்டி இது. தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவர். துரைக்கு லேண்ட் ரோவர், கிராணிக்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸருக்கும் மோரிஸ் மைனர், மற்றவர்களுக்குச் சைக்கிள் என்பது பல தோட்டங்களில் பார்த்த வரிசைதான். தோட்டம் செம்பனைக்கு மாறி, பாதி நிலம் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பாகி, குடும்பம் பட்டணத்துக்கு வந்தபோது வண்டியும் கூடவே வந்துவிட்டது. ஓடிக்கொண்டும் இருந்தது, ஒரு மாதிரியாக.

அந்த 'ஒரு மாதிரி' என்னவென்றால்: ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் நீலப் புகை. நின்ற இடத்தில் இன்ஜின் தடுமாறும். சூடானபின் சிவப்பு விளக்குக்கு நின்றால் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கும். மேடேறும்போது அடியிலிருந்து மந்தமாக ஒரு தட்டும் சத்தம். ரிங், வால்வு, மெட்டல் (கிராங்க் சுற்றும் பேரிங் ஓடு) மூன்றுமே போய்விட்டன என்று சொல்ல பெரிய மெக்கானிக் தேவையில்லை. ஏன் போயின என்று கேட்டவர்தான் யாருமில்லை. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கேள்விதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பொருள்களை உள்ளே போட்டிருந்தால், அவையும் அதே வழியில்தான் போயிருக்கும்.

தம்பியிடம் இருந்த பணம் 4,000 வெள்ளி (ரிங்கிட்). இடம், வீட்டு முன்னால் உள்ள கார் போர்ச். ஆள், அவனும் நானும். நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். பம்பும் பேரிங்கும் எனக்குப் பழக்கம்.

ஆளாளுக்கு ஒரு யோசனை

செய்தி தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் யோசனைக்குக் குறைவில்லை. முதல் யோசனை, பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரு ஜப்பான் இன்ஜினை வாங்கிப் போடுவது. பழைய டட்சன் 1200-இன் ஏ12 இன்ஜின் மைனருக்குள் உட்காரும். பல நாடுகளில் போட்டு ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இன்ஜின் விலை மட்டும் செலவில்லை. மவுன்டிங் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். கியர்பாக்ஸும் கூடவே மாறும். அப்படியானால் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் வெட்டி நீளம் மாற்ற வேண்டும். கெரானில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இன்ஜின் எண் மாறுவதால் புஷ்பாகோம் வாகனச் சோதனை, ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுன்ட்டர் என்று அலைச்சல் வேறு. கூட்டிப் பார்த்தால் சொந்த இன்ஜினைச் சரிசெய்வதைவிட அது மலிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது யோசனை ஒரு மெக்கானிக் சொன்னது: "ரிங்கும் மெட்டலும் மாத்திப் போடுங்க, ரெண்டு வருசம் ஓடும்." ஓடும்தான். நீள்வட்டமாகத் தேய்ந்த ஜர்னலில் (கிராங்கில் மெட்டல் பிடிக்கும் உருளைப் பகுதி) புது மெட்டல் போட்டால் அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதும், கூம்பாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் எப்படி உட்காரும் என்பதும் அந்த இரண்டு வருசத்துக்கு அப்புறம்தான் தெரியவரும்.

மூன்றாவது, இங்கிலாந்திலிருந்து முழு இன்ஜினாக வரவழைப்பது. அதன் விலையைப் பார்த்ததும் தம்பி ஃபோனை மூடிவிட்டான்.

கழற்றுவதற்கு முன்

இன்ஜினை இறக்குவதற்கு முன்பே அது தன் நோயைச் சொல்லும், கேட்கத் தெரிந்தால். காலையில் பசியாறிவிட்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கினோம். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்றில் முறையே 140, 135, 120 பி.எஸ்.ஐ. நாலாவதில் 70. நல்ல நிலையிலுள்ள 1098-இல் நாலும் 160-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது ஈரச் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பது. ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்கும், வால்வு ஓட்டையை அடைக்காது. முதல் மூன்றிலும் அளவு நன்றாக ஏறியது. அங்கே ரிங், சிலிண்டர் தேய்மானம். நாலாவதில் 70, 75 ஆனது, அவ்வளவுதான். அங்கே வால்வு எரிந்திருக்கிறது. ஆயில் விளக்கு இருக்கும் இடத்தில் தற்காலிகமாக ஒரு மீட்டரைப் பொருத்தினோம். சூடான இன்ஜின் ஓட்டத்தில் 30-ஐத் தாண்டவில்லை. ஏ-சீரிஸில் ஓட்டத்தில் 60-ம், நின்ற இடத்தில் 15-க்குக் குறையாமலும் காட்ட வேண்டும்.

நாலாவது வால்வு மட்டும் ஏன் எரிய வேண்டும்? பெட்ரோல் கலவை நாலுக்கும் ஒரே கார்புரேட்டரிலிருந்துதான் போகிறது. மூன்றும் நாலும் ஒரே இன்லெட் வாயைப் பங்கிடுகின்றன. கலவையில் குறை என்றால் மூன்றாவதும் கொஞ்சமாவது அடிபட்டிருக்க வேண்டும். அதனால் சந்தேகம் தண்ணீர் பக்கம் திரும்பியது.

சேறு

இன்ஜினைத் தூக்க ஒரு வொர்க்‌ஷாப்பிலிருந்து கிரேனை இரவல் வாங்கினோம். போர்ச்சின் கூரை உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்கலாம் என்று தம்பி சொன்னான். தாமான் வீட்டுப் போர்ச் உத்திரம் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தொங்கவிடக் கட்டியதில்லை. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

பிளாக்கின் பின்புறம் ஒரு வடிகுழாய் இருக்கிறது. திறந்தால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் கொட்ட வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தினால் கம்பி உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் தண்ணீர் வழியின் துளைகளை மூடியிருக்கும் வெல்ச் பிளக்குகளைத் தட்டி எடுத்தோம். முன்பக்கத்தில் லேசான துரு மட்டும். பின்பக்கத்தில், நாலாவது சிலிண்டரைச் சுற்றி, செம்பழுப்புச் சேறு கல்லாக இறுகியிருந்தது. திருப்புளியால் கிளறி எடுத்ததில் ஒரு மைலோ டின் நிறைந்தது.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அதன் கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். இது நம் ஊரில் பரம்பரையாக வரும் வைத்தியம். "இந்தச் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கேட்காத பழைய மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதை முழுசாகிறது. வண்டிக்கு வாழ்நாள் முழுக்க வெறும் தண்ணீர்தான், ஆரம்பத்தில் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர், பிறகு குழாய்த் தண்ணீர். கூலன்ட் கிடையாது. இந்த இன்ஜினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. துருத் தடுப்பு இல்லாத தண்ணீர் அவற்றை உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துரு, ஓட்டம் குறைந்த பின்மூலையில்தான் படியும். அது ஏ-சீரிஸ் எல்லாவற்றுக்கும் உள்ள பழைய குறை. சேறு கட்டிய இடத்தில் தண்ணீர் சுவரைத் தொடாது. நாலாவது சிலிண்டர் தனியாகக் கொதித்தது, அதன் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்தது.

இன்னொரு பக்கம், தெர்மோஸ்டாட் இல்லாததால் மீதி இன்ஜின் எப்போதும் சூடு போதாமல் ஓடியது. வீட்டிலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து கோவில் என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டந்தான் இந்த வண்டிக்கு. அதற்குள் ரேடியேட்டர் முழுத் தண்ணீரும் சுற்றிச் சுற்றி வந்தால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு எப்படி வரும்? குளிர்ந்த சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து, அடியில் கறுப்புக் களிம்பாகத் தங்கும். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது அந்தக் களிம்பை விரலால் வழித்து எடுத்தோம். ரிங்கும் மெட்டலும் போனதற்குக் காரணம் அதுதான். மைனரில் டெம்பரேச்சர் மீட்டர் கிடையாது. ஒருவேளை இருந்திருந்தாலும் 'குளிர்ச்சியாக இருக்கிறது, நல்லது' என்றுதான் காட்டியிருக்கும், ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும்போதே.

அளவு

காசு இல்லாதவனுக்கு மைக்ரோமீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காசு இல்லாதவனுக்குத்தான் அது முக்கியம் என்பேன். எதை வாங்க வேண்டாம் என்பதை அளவுதான் சொல்கிறது.

சிலிண்டர் தேய்மானத்தைப் பார்க்க டயல் போர் கேஜ் வேண்டும். எங்களிடம் இல்லை. ஃபீலர் கேஜ் மட்டும் வைத்து ஒரு வழி இருக்கிறது. பழைய பிஸ்டன் ரிங் ஒன்றை சிலிண்டரின் அடிப்பகுதியில், ரிங் உரசாத இடத்தில், பிஸ்டனால் தள்ளி நேராக உட்காரவைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே, விளிம்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று வந்துவிடும். சுற்றளவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இடைவெளி கூடும், கணக்கு அவ்வளவுதான். மூன்றாவது சிலிண்டரில் வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர். வகுத்தால் 0.2-க்கு மேல். அந்த அளவு தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போடுவது பணத்தைப் புகையாக்குவது. போர் செய்தே, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியே, ஆக வேண்டும்.

பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டியபோது 020 என்ற எண் தெரிந்தது. அதாவது ஏற்கெனவே ஒருமுறை 20 தவ் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாத்தா காலத்தில் ஒரு ஓவர்ஹால் நடந்தது வீட்டில் யாருக்கும் நினைவில்லை, பிஸ்டனுக்கு நினைவிருந்தது. அடுத்த அளவு 040. தொழிற்சாலை விட்டம் 64.58 மில்லிமீட்டர், 040-க்குப் பிறகு 65.6. கொள்ளளவு ஏறக்குறைய 1,130 சிசி ஆகும். அதற்கு மேல் 060 உண்டு, அதோடு இந்தப் பிளாக்கின் கதை முடியும். இன்னும் ஒரு ஓவர்ஹாலுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

கிராங்கில் மூன்று மெயின் ஜர்னல், பிஸ்டன் தண்டு பிடிக்கும் நாலு கான்ராட் ஜர்னல். மைக்ரோமீட்டரை ஆலை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். மெயின் மூன்றும் வட்டமாக, பளபளப்பாக இருந்தன. கான்ராட் ஜர்னல்களில் மூன்றாவது கீறல் விழுந்து, 0.05 மில்லிமீட்டர் நீள்வட்டமாகியிருந்தது. 0.025-ஐத் தாண்டினால் கிரைண்டிங்குக்கு அனுப்புவது வழக்கம். பழைய மெட்டலின் முதுகில் பார்த்தால் இரண்டு பக்கமும் 010. ஆகவே கான்ராட் பக்கத்தை மட்டும் 020-க்குத் தேய்ப்பது, மெயின் பக்கத்தை மெருகிட்டு அதே 010 மெட்டலைப் புதிதாக வாங்குவது என்று முடிவானது. கிரைண்டிங் கூலியில் நல்ல மிச்சம். இங்கே பலர் முந்திக்கொண்டு மெட்டலை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். கிராங்க் எந்த அளவுக்குப் போகும் என்று தெரியாமல் வாங்கிய மெட்டல் அலமாரியில் தூங்கத்தான் லாயக்கு.

ஈப்போவும் இங்கிலாந்தும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் போல. லாரி, டிராக்டர் இன்ஜின்களைப் போர் செய்யும் பழைய கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. நாங்கள் போன கடையின் தவுக்கே (முதலாளி) பிளாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் மானா?" என்றார், பிஸ்டன் எங்கே என்று. இன்னும் வரவில்லை என்றான் தம்பி. "பிஸ்டன் டூலு", முதலில் பிஸ்டன், என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்தக் கடையின் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். பிஸ்டன் கையில் இருந்தால்தான் அதை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் செய்ய முடியும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி முன்கூட்டியே போர் செய்து தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

பொருள்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பழைய கார் என்றால் ஸ்பேர் பார்ட் கிடைக்காது என்பது மைனருக்குப் பொருந்தாது. ஏ-சீரிஸ் 1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் வந்து, 2000-ஆம் ஆண்டு கடைசி பழைய மினி வரை ஓடிய குடும்பம். மைனர் மட்டுமே 16 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பிஸ்டன், மெட்டல், கேஸ்கட், டைமிங் செயின், ஆயில் பம்ப் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வரியைக் கணக்கில் வைக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கனமான இரும்பு என்பதால் அனுப்பும் கூலியும் லேசில்லை. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக வாங்கியதில் அந்தக் கூலி குறைந்தது.

ஆயில் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜினில் அது பிளாக்கின் பின்முகத்தில் இருக்கிறது, கேம்ஷாஃப்ட் சுற்றும்போது கூடவே சுற்றும். அதைத் தொட வேண்டுமானால் கிளட்ச், ஃபிளைவீல், பின்தகடு மூன்றும் கழல வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போது பழைய பம்பையே போட்டு மிச்சம் பிடிப்பது வீண். அதேபோல ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் இடையில் ஒரு சுண்டுவிரல் நீள பைபாஸ் ஹோஸ் இருக்கிறது. விலை சில வெள்ளி. ஹெட் உட்கார்ந்தபின் அதை மாட்ட முயன்றவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஹெட்டில் யோசிக்க வேண்டியிருந்தது வால்வு சீட். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் இது. வால்வு நேராக வார்ப்பிரும்பிலேயே உட்காரும். ஈயம் இல்லாத ரோன் 95 பெட்ரோலில், வேகமாக நெடுந்தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உள்வாங்கும். மெதுவாக ஓட்டும் வண்டிக்குப் பல வருடங்கள் ஒன்றும் ஆகாது, அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு நாலாவது சீட் எப்படியும் எரிந்துவிட்டது. அந்த ஒரு சீட்டை மாற்றும்போதே நாலு எக்ஸாஸ்டுக்கும் கடின சீட் வைத்துவிட்டோம். இன்லெட் பக்கம் குளிர்ந்த கலவை பாயும் இடம், அதைத் தொடவில்லை. அந்த நாலு சீட்டுக்கான கூலியும் சேர்ந்துதான் ஹெட் செலவு.

கழுவுவதும் பூட்டுவதும்

போர் செய்து வந்த பிளாக் பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதை நம்பக் கூடாது. சிலிண்டர் சுவரைக் கடைசியாகத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் பொடி சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், மண்ணெண்ணெய்க்கு அது வராது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும்தான் மருந்து. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவு. ஆயில் வழிகளின் முனைகளில் உள்ள பித்தளை அடைப்புகளை எடுத்துவிட்டு, நீளப் பிரஷால் உள்ளேயும் தேய்த்தோம். அரைமணி நேரம் இந்த வேலை, ஐந்து நிமிடம் உலர்த்தல். அதற்குள் ஆயில் தடவிவிட வேண்டும். நம் ஊர் காற்றின் ஈரத்தில் புதிதாகத் தேய்த்த இரும்பு கண்முன்னே பழுக்கும். மத்தியான மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று காலையிலேயே தொடங்கினோம்.

பூட்டும் வேலை பெரும்பாலும் பொறுமை. கேம் ஃபாலோவர்கள் எந்தத் துளையிலிருந்து வந்தனவோ அதே துளைக்குப் போக வேண்டும். முட்டை அட்டையில் எண் எழுதி வைத்திருந்தோம். ரிங்கின் வாய் இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் 0.18-க்கும் 0.30-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்தோம். கான்ராட் மெட்டலில் பிளாஸ்டிகேஜ் நூலை (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் பிளாஸ்டிக் நூல்) வைத்து இறுக்கிக் கழற்றி அளந்தால் 0.04 மில்லிமீட்டர் போல வந்தது, வேண்டிய எல்லைக்குள். செயின் பற்சக்கரங்கள் இரண்டிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்.

வாங்கிய கருவிகளில் விலை கூடியது, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். மெயின் போல்ட்டுக்கு 60 பவுண்டு-அடி, கான்ராடுக்கு 35, ஹெட் நட்டுக்கு 40. ஹெட்டை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். "கைப்பழக்கத்துலயே தெரியுமே, அத்தான்" என்றான் தம்பி. அவன் கையால் இறுக்கியதை ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். ஒன்று 25, ஒன்று 50. அதன்பின் அவனே ரெஞ்சைக் கீழே வைக்கவில்லை.

வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர். இதற்கு ஒன்பது கணக்கு வசதியானது. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும்.

மிச்சம் பிடித்த இடங்களும் உண்டு. வாட்டர் பம்ப் போன்ற சாதாரண இடங்களுக்கு கேஸ்கட் தாளைக் கத்தரியால் வெட்டினோம். இன்ஜின் நிற்க ரப்பர் மரச் சட்டங்களில் ஒரு தாங்கி அடித்தோம். பழைய கேம்ஷாஃப்ட்டின் மேடுகளை அளந்ததில் தேய்மானம் இல்லை, அதையே போட்டோம். பெயின்ட், குரோம் எதற்கும் ஒரு காசு செலவில்லை. பளபளக்கும் ராக்கர் கவர் வேண்டுமென்று தம்பி ஆசைப்பட்டான். அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடத் தொடங்கியபின்

பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் மீட்டர் முள் எழுந்தபின்தான் பிளக்கை மாட்டினோம். ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்ளே சுத்தம் செய்திருந்தோம். புதிதாக 74 டிகிரி தெர்மோஸ்டாட். வெப்ப நாடுகளுக்கென்றே பி.எம்.சி. குறித்த அளவு அது, குளிர் நாட்டுக்கு 88. வடிகட்டிய தண்ணீரில் கலந்த பச்சைக் கூலன்ட். உறைபனிக்காக இல்லை, துருவுக்காக. இந்த இரண்டும் சேர்ந்து நூறு வெள்ளி போல ஆகியிருக்கும். மொத்த வேலையிலும் இதைவிடப் பயனுள்ள நூறு வெள்ளி இல்லை.

சுலபமாகவே கிளம்பியது. சூடாக்கி, நிறுத்தி, மறுநாள் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளையும் வால்வுகளையும் மறுபடி பார்த்தோம். ரிங் உட்கார வேண்டுமானால் வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கக் கூடாது, ஏற்றியும் இறக்கியும் ஓட வேண்டும். அதற்கு கூட்டரசுச் சாலை 1 வாகானது. கோலகங்சார் பக்கம் செம்பனை லாரிகளின் பின்னால் போய்வந்தால் வேகம் தானாகவே மாறிமாறி வரும். மெனோரா சுரங்கப்பாதை மேடு இருக்கும் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். 800 கிலோமீட்டரில் 20டபிள்யூ-50 ஆயிலை மாற்றினோம்.

அப்போது எடுத்த கம்ப்ரஷன்: 165, 165, 160, 165. ஆயில் ஓட்டத்தில் 60, சூடான நிலையில் நின்றால் 25. நீலப் புகை இல்லை. செலவு: பொருள்களும் வரியும் கூலியும் 2,300, ஈப்போ கடைக்கு 1,150, ரேடியேட்டர் 150, டார்க் ரெஞ்ச் 250, ஆயில், கூலன்ட், தெர்மோஸ்டாட், பசை, மண்ணெண்ணெய் என்று 350. மொத்தம் 4,200. கூடுதல் இருநூறை என் மனைவி தம்பிக்குக் கொடுத்தாள், எனக்குத் தெரியாமல்தான்.

தீராத ஒன்று, பின்பக்க ஆயில் கசிவு. இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகுக் கோடு மட்டும்தான். ஓடும்போது வேலை செய்யும், நின்றால் இரண்டு சொட்டு விடும். புதிதாக வந்தபோதும் விட்டிருக்கும். கீழே ஒரு அட்டை போட்டிருக்கிறோம். இப்போது தொந்தரவு கியர்பாக்ஸ்: இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கிறீச்சிடுகிறது. கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. அதைத் தம்பி ஆண்டு கடைசி விடுமுறைக்கு வைத்திருக்கிறான்.